மச்சானின் உமலில் வந்த தாய்ப்பூனை

சுனாமியென்று கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த மாசி மாதம் இது நடந்தது. வாகரைப் பக்கம் கரையோரமாக இருந்த எங்கள் கிராமம் முழுதாய்ப் போய்விட்டது. நாவற்குடாவில் என் அக்காவின் வளவுக்குள் ஒரு தகரக் கொட்டில் போட்டு நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், மனைவி, இரண்டாம் வகுப்புப் படித்த மகள், பால் குடிக்கும் வயதில் மகன்.

நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. எட்டாம் வகுப்போடு வலையைத் தோளில் போட்டவன். பத்திரிகையில் பிள்ளைகள் வாசிக்கும் பக்கத்துக்கு இதை எழுதச் சொல்லி உந்திவிட்டவள் அந்த மகள்தான். "நீங்க கதைக்கிற மாதிரியே எழுதுங்கப்பா, ஆனா பிழை விடாம எழுதுங்க" என்றாள். இரண்டும் சேர்ந்து வருமா என்று தெரியவில்லை. முயன்று பார்க்கிறேன்.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஊரில் இல்லை. குழந்தையைக் காட்டுவதற்காக முதல்நாளே அக்கா வீட்டுக்கு வந்திருந்தோம். மனைவியின் தம்பியும், அதாவது என் மச்சானும், வருவதாகத்தான் பேச்சு. புறப்படும் நேரத்தில் அவன், "வலை காயுது அத்தான். தோணியும் கரையில கிடக்கு. நான் நிக்கிறன், நீங்க போய்ட்டு வாங்க" என்று நின்றுவிட்டான். அவனைக் கடல் எங்களுக்குத் திருப்பித் தரவேயில்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் எவரும் மீன் தின்னவில்லை. பிள்ளைகளே, உங்களுக்கு இது புதினமாக இருக்கும். மீனில்லாமல் சோறு இறங்காத ஆட்கள் நாங்கள். ஆனால் எத்தனையோ பேரைக் கடல் கொண்டுபோயிருக்கும்போது, அந்தக் கடலுக்குள் திரிந்த மீனை எப்படி வாயில் வைப்பது? சந்தையில் மீன்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களும் வருவதை விட்டுவிட்டார்கள். என் மனைவி இன்னும் ஒருபடி மேலே போனாள். நிவாரணத்தில் வந்த டின் மீனைக்கூட வாசலோடு திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்குள் மீன் என்ற சொல்லையே எவரும் எடுப்பதில்லை.

எனக்கு வேறொரு வியாதி பிடித்திருந்தது. தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை. அக்காவின் வளவுக்குப் பின்னால் வாவி. நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்வோம். அலையில்லாத, முழங்கால் அளவு தண்ணீர். அதற்குக் கிட்டப் போனாலும் பாதியில் திரும்பி வந்துவிடுவேன். மேசன் வேலைக்குக் கூலியாளாகப் போகத் தொடங்கினேன். கேட்பவர்களிடம், "வேலை கூடிப்போச்சு, அதான் ஆத்துப் பக்கம் போறல்ல" என்பேன்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் ஊருக்குப் போனேன். என் தோணியைக் கடல் தூக்கிக்கொண்டு போய்க் காட்டோரம் ஒரு பாலை மரத்தடியில் போட்டிருக்கிறது என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். பலகையாவது மிஞ்சுமா என்று பார்க்கத்தான் போனேன்.

தோணி கவிழ்ந்து கிடந்தது. ஒரு பக்கம் பிளந்திருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். இரண்டு கண்கள் மின்னின. ஒரு பூனை. வெள்ளையில் மண்ணிறத் திட்டுகள். ஒரு காது கிழிந்திருந்தது, பின்னங்கால் ஒன்றை ஊன்ற முடியவில்லை. அதன் வயிற்றடியில் கண் திறக்காத நான்கு குட்டிகள். எந்த வீட்டுப் பூனையோ! எந்த அடுப்படியில் படுத்து வளர்ந்ததோ! சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை, காட்டுவதற்கு அடுப்படியும் இல்லை.

அப்போதுதான் தோணியின் பின்பலகையில் கட்டித் தொங்கிய உமலைக் கண்டேன். உமல் என்பது பனையோலையில் பின்னிய பை. வீச்சுவலைக்குப் போகும்போது பிடித்த மீனைப் போடுவதற்கு இடுப்பில் கட்டிக்கொள்வோம். இது மச்சானின் உமல். அவனே பின்னியது. வாய்க் கட்டுக்கு நீல நைலோன் நூல் போட்டிருப்பான், அதனால் எங்கே கண்டாலும் தெரியும். அத்தனை தண்ணீர் வந்தும் அவன் போட்ட முடிச்சு அவிழவில்லை.

பூனையை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. காலை ஊன்ற முடியாதது எப்படி இரை தேடும்? குட்டிகளை ஒவ்வொன்றாய் எடுத்து உமலுக்குள் வைத்தேன். தாய் ஒருமுறை என் கையைக் கீறியது. பிறகு உமலை மோந்து பார்த்தது. பழைய மீன் வாசம் அதில் ஊறிக் கிடந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. தானாகவே உள்ளே ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது.

யுத்தம் முழுதாய் முடியாத காலம் அது, பஸ்ஸில் திரும்பும்போது வழியில் ஆமியின் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் போய், பைகளை ஒரு மேசையில் கொட்டிக் காட்ட வேண்டும். என் முறை வந்தது. அங்கே நின்ற ஆமிக்காரப் பொடியன், "கொட்டு, கொட்டு" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் போலும்.

"ஏலாது சேர், ஏலாது" என்று நான் உமலை நெஞ்சோடு அணைத்தேன்.

ஆமிக்காரனிடம் ஏலாது என்று சொல்லிப் பையையும் அணைத்தால் என்ன நடக்கும்? அவன் இரண்டடி பின்னால் போனான். துவக்கு நிமிர்ந்தது. எனக்குப் பின்னால் நின்ற சனம் அப்படியே விலகியது. அந்த நேரம் பார்த்து உமலின் வாயால் கிழிந்த காதோடு ஒரு தலை எட்டிப் பார்த்து, "மியா" என்றது.

"பூசா!" என்றான் அவன். சிங்களத்தில் பூனைக்கு அப்படித்தான் சொல்வார்கள். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். குட்டிகளைக் கண்டதும் அவன் முகம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகமாகிவிட்டது. மற்றவர்களையும் கூப்பிட்டான். ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்தார்கள். ஒருவன் தன் பாணில் ஒரு துண்டைப் பிய்த்து உள்ளே போட்டான். கடைசியில் பஸ் டிரைவர்தான், "ஐயா, பூனைய வாங்குறீங்களா, இல்ல நாங்க போகட்டுமா?" என்று கத்தினார். சனம் சிரித்தது. கடலுக்குப் பிறகு அத்தனை பேர் ஒன்றாய்ச் சிரித்ததை நான் கேட்டது அன்றுதான்.

வளவுக்குள் நுழைந்ததும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தோணியப் பாக்கப் போறனெண்டு போனவன் பூனையோட வாறான். நாளைக்கு வலையத் தேடிப் போனா எலியோட வருவாய் போல."

மகள் ஓடி வந்தாள். மனைவி வரவில்லை. கொட்டில் வாசலில் நின்றபடி உமலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நீல நூலை.

"இது தம்பிட உமல்" என்றாள்.

"ஓம்."

அவள் மெதுவாகக் கிட்ட வந்து கையை நீட்டினாள். பூனை சீறியது. "சீறாத கா" என்று கூடப் பழகிய பெண்ணிடம் கதைப்பதுபோல் சொன்னாள். "உன்ட பிள்ளைகள நான் என்ன செய்யப் போறன்." பிறகு உமலை என்னிடமிருந்து வாங்கி, கொட்டிலின் மூலையில் ஒரு பழைய சீலையை விரித்து, அதன்மேல் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இருக்கட்டும். ஆனா இதச் சாட்டி இந்த வீட்டுக்குள்ள மீன் வரக்கூடாது" என்றாள்.

வரவில்லை. நாங்கள் தின்றதையே அதற்கும் கொடுத்தோம். சோறு, பருப்பு, சொதி. பசிக்கு அது தின்றது. தின்று முடிந்ததும் உமலுக்குள் போய், அந்த ஓலைப் பின்னலை நக்கிக்கொண்டே கிடக்கும். "பாருங்கப்பா, வீட்டத் துப்பரவாக்குது" என்று மகள் சொல்வாள். ஓம் என்று நானும் சிரிப்பேன். மீன் பிடித்தே வளர்ந்தவன் நான். அது ஏன் அந்தப் பின்னலை நக்குகிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நாலைந்து நாட்கள் போனபின் குட்டிகள் ஓயாமல் கத்தத் தொடங்கின. தாயின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. குட்டிகள் முலையை இழுக்கும், விடும், கத்தும். மறுபடி இழுக்கும். தாய் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதுபோல் இருக்கும்.

மகளுக்கு அது தாங்கவில்லை. தனக்குக் கிடைக்கும் பால்மாவில் கொஞ்சம் கரைத்து, பஞ்சில் நனைத்து, குட்டிகளின் வாயில் வைத்தாள். தாய்க்கும் சிரட்டையில் ஊற்றி வைத்தாள். நாங்களும் நல்ல பிள்ளை என்று சொல்லி அவள் தலையைத் தடவினோம். அடுத்த நாள் குட்டிகளுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. தாய்க்கும் பிடித்தது. அதற்கடுத்த நாள் ஒரு குட்டி எழும்பவில்லை.

கிணற்றடி முருங்கை மரத்துக்குக் கீழே அதைப் புதைத்தோம். மகள் நந்தியாவட்டைப் பூ ஒன்றைப் பிடுங்கி வைத்தாள். "நான் பால்தானேப்பா குடுத்த நான்?" என்று கேட்டாள். நாங்கள் குடிக்கும் பால் பூனையின் வயிற்றுக்கு ஒத்துவராது என்று ஒரு மிருக வைத்தியர் சொல்லித்தான் பின்னர் அறிந்தேன். பிள்ளைகளே, நீங்களும் இதை மனதில் வைத்திருங்கள். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், இப்படியே போனால் மற்ற மூன்றும் நிற்காது என்பதுதான்.

மூன்றில் ஒன்று மிகவும் சின்னது. முதுகு வளைந்துபோய்க் கிடந்தது. மற்ற இரண்டும் அதைத் தள்ளிவிடும். மகள் அதற்குக் கூனி என்று பேர் வைத்தாள். கூனி என்றால் எங்கள் பக்கத்தில் கிடைக்கும் பொடி இறால்.

அடுத்து நடந்ததை நான் என் கண்ணால் கண்டேன். வேலை முடிந்து பின்னேரம் வந்து, கொட்டில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மனைவி உள்ளே பாயில் இருந்து மகனுக்குப் போத்தலில் பால் கரைத்துக்கொண்டிருந்தாள். மகன் சீலையில் கட்டிய ஏணைக்குள் கிடந்து அழுதுகொண்டிருந்தான். கடல் வந்த செய்தி கேட்ட அன்றே அவளுக்குப் பால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மகன் போத்தல் பாலில்தான் வளர்ந்தான்.

தாய்ப்பூனை உமலுக்குள்ளிருந்து வெளியே வந்தது. வாயில் கூனி. நொண்டி நொண்டி நடந்து வந்து, மனைவியின் மடியில் ஏறி, குட்டியை அங்கே வைத்தது. வைத்துவிட்டு இறங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, அவளைப் பார்த்தது.

அவள் போத்தலைக் கீழே வைத்தாள். குட்டியைத் தொடவுமில்லை, தள்ளவுமில்லை. பூனையைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னட்டையும் இல்ல கா. எனக்கும் வத்திப் போச்சு."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். செருப்பு ஒன்று காலிலேயே இருந்தது. அவள் நிமிர்ந்து என்னைக் கண்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் கோபம்.

"இவளுக்கு நீங்க என்ன குடுக்குறீங்க?"

"உனக்குத் தெரியும்தானே. சோறும் பருப்பும்."

"நான் பிள்ளை பெத்துக் கிடக்கக்குள்ள எனக்குப் பருப்பா குடுத்தீங்க?"

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறுவதற்குப் பத்தியம் கொடுப்பார்கள். அதில் பால்சுறா முக்கியம். சின்னச் சுறாவை அவித்து உதிர்த்து வறை செய்து கொடுப்பார்கள். என் மனைவிக்கு மகன் பிறந்தபோது கடல் கொந்தளிப்பாக இருந்தது. எவரும் தொழிலுக்குப் போகவில்லை. என் மச்சான்தான் தோணியைத் தள்ளிக்கொண்டு போய், நனைந்து விறைத்து, இரண்டு பால்சுறாவோடு வந்தான். "அக்காட பிள்ளை பட்டினி கிடக்கேலுமா?" என்று கேட்டுக்கொண்டு அதே உமலை அவள் முன்னால் கவிழ்த்தான்.

அவள் அதை நினைத்திருக்க வேண்டும். உமலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"மீனும் வேணாம், ஆறும் வேணாம் எண்டு நாம கிடப்பம். இவள் என்ன பாவம் செஞ்சவள்? நாளைக்கு விடிய ஆத்துக்குப் போங்க."

"நான்... தண்ணிக்குள்ள..."

"எனக்குத் தெரியும்" என்றாள். நான் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்த விசயம். "நானும் வாறன்."

விடிந்தது. அக்காவின் புருசனுடைய பழைய வீச்சுவலை முகட்டில் தொங்கியது. அதைத் தட்டி எடுத்தேன். அக்கா குசினி வாசலில் நின்று, "ஊரே மீன் தின்னாமக் கிடக்கு, பூனைக்கு மட்டும் விருந்தா?" என்றாள். சொன்னாளே தவிர, குழந்தையைத் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டாள்.

கரைவரைக்கும் நடந்துவிட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அக்கரையில் தண்ணீருக்குள் வேர் விட்டு நிற்கும் கண்ணா மரங்கள். ஒரு கொக்கு. பயப்பட அங்கே ஒன்றுமேயில்லை. ஆனால் என் கால் போகவில்லை. மணலில் ஊன்றிய கால் ஊன்றியபடி நின்றது.

மனைவி பின்னால் வந்தாள், மகளும் கூடவே வந்தாள். மனைவியின் கையில் மச்சானின் உமல். குட்டிகளைச் சீலைக்கு மாற்றிவிட்டு அதைக் கொண்டு வந்திருந்தாள். என் இடுப்பில் அதைக் கட்டினாள். முதலில் வலப்பக்கம் வந்தது. அவிழ்த்து இடப்பக்கம் கட்டினாள். "தம்பி இடப்பக்கம்தான் கட்டுவான்" என்றாள். முடிச்சைப் போட்டுவிட்டுச் சீலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் அவள் தண்ணீருக்குள் இறங்கினாள்.

பிறகு நான் என்ன செய்வது? இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்தது. முழங்கால் வரைக்கும் போய் நின்றேன். வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு வீசினேன். வலை விரியவில்லை. ஒரு பொதி மாதிரிப் போய் விழுந்தது. கரையில் நின்ற மகள், "அப்பா, கல்லெறியிற மாதிரி எறியிறீங்க" என்று சிரித்தாள். வலையை இழுத்தேன். ஒன்றுமில்லை, பாசிதான். மறுபடி கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. அந்த உப்பு எனக்குத் தெரிந்த உப்பு. இரண்டாம் தடவை வலை விரிந்தது. அது வட்டமாய்த் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டதும் என் உடம்பில் ஏதோ ஒன்று தன் இடத்துக்குத் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

விரலளவு மணலை மீன் குஞ்சுகள் கொஞ்சமும் இறாலும் வந்தன. உமலுக்குள் போட்டேன். இடுப்பில் அவை துடிப்பதை உணர்ந்தேன்.

கரைக்கு வந்ததும் மகள் உமலுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இந்த மீன் மாமாவக் கண்டிருக்குமா?"

இத்தனை நாளும் வீட்டுக்குள் எவரும் வாயால் சொல்லாத கேள்வி அதுதான். பெரியவர்கள் எல்லோரும் அதற்காகத்தான் மீனை விட்டிருந்தோம். மனைவி உமலுக்குள் கை விட்டு ஒரு மீனை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அது வாலை அடித்தது.

"இல்ல மகள்" என்றாள். "இது சின்ன மீன். எல்லாம் முடிஞ்ச பிறகு பிறந்த மீன்."

அது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொன்ன பிறகு அவள் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த மீனை அவளே கழுவினாள், அவளே அவித்தாள். உப்பில்லை, புளியில்லை, தூளில்லை. வெறும் தண்ணீர். அக்கா எட்டிப் பார்த்து, "என்ன கா, பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியமெண்டா உள்ளி, மிளகு எல்லாம் இல்லையா?" என்றாள். "இவளுக்கு அதெல்லாம் வேணாம் மச்சாள். அடுத்த பிள்ளைக்குப் பாப்பம்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுத் தானே சிரித்துவிட்டாள். தம்பி போன பிறகு அவள் பல் தெரியச் சிரித்து அதுவரை நான் கண்டதில்லை.

முள் எடுத்து ஆற வைத்துச் சிரட்டையில் போட்டோம். தாய்ப்பூனை மோந்தது. பிறகு தின்றதே ஒரு தின்னல்! தொண்டைக்குள் உறுமிக்கொண்டே தின்றது. சிரட்டையை நக்கி, நக்கி, கொட்டிலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் உருட்டிக்கொண்டு போனது.

அன்றைக்கே பால் ஊறிவிட்டது என்று சொன்னால் பொய். நான் ஒவ்வொரு நாளும் விடிய ஆற்றுக்குப் போனேன், பிறகு வேலைக்குப் போனேன். மனைவி கூனியைச் சீலைத் தலைப்பில் சுற்றி நெஞ்சோடு வைத்திருப்பாள். தாய் படுத்ததும், மற்ற இரண்டையும் கையால் மறித்துக்கொண்டு கூனியை முதலில் விடுவாள். "பொறுங்கடா, இவன் முதல்ல" என்பாள். கூனி ஆணென்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். ஒருநாள் காலை அது முலையை விட்ட பிறகு வாயோரம் ஒரு துளி வெள்ளையாய் நின்றது. எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். நாங்கள் எல்லோரும் பாயில் குப்புறப் படுத்து அந்தத் துளியைப் பார்த்தோம். அது கண் திறந்ததும் அவள் மடியில்தான்.

அன்றைக்கு நாங்கள் மீன் தின்றுவிடவில்லை. அதற்கு இன்னொரு மாரி போக வேண்டியிருந்தது. ஆனால் மீன் வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்தச் சொல்லும் வந்துவிட்டது. அதோடு மச்சானின் பேச்சும் வந்தது. அவன் எப்படி வலை வீசுவான், எப்படிக் கேலி பண்ணுவான் என்றெல்லாம் மனைவி பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினாள். அதுவரை மீனைப்போலவே அவனையும் வீட்டுக்கு வெளியேதான் நிறுத்தி வைத்திருந்தோம்.

குட்டிகள் வளர்ந்தன. நிவாரண அரிசி மூட்டைகளுக்கு எலித் தொல்லை, அதனால் சுற்றியிருந்த வளவுகளில் எங்களைப்போல் கொட்டில் போட்டிருந்தவர்களிடமிருந்து குட்டி கேட்டு ஆட்கள் வந்தார்கள். மனைவி ஒரு நிபந்தனை வைத்தாள். மீன் வாங்குகிற வீட்டுக்குத்தான் குட்டி. "இந்தக் காலத்துல ஆர் மீன் வாங்குற பிள்ளை?" என்று கேட்டார்கள். "அப்ப எலியோட இருங்க" என்பாள். இப்படித்தான் எங்கள் அயலில் இரண்டு வீடுகளுக்குப் பூனையின் பேரில் மறுபடி மீன் போனது. முதலில் பூனைக்கென்று அவித்தார்கள். பிறகு பிள்ளைகள் கேட்டன என்று ஒரு துண்டைக் குழம்பில் போட்டார்கள்.

கூனியை மட்டும் அவள் எவருக்கும் கொடுக்கவில்லை. அது வளர்ந்து, ஆணல்ல, பெண் என்று தெரிந்த அன்று அக்கா சிரித்த சிரிப்பு நாவற்குடா முழுக்கக் கேட்டிருக்கும்.

பேர் பரவிவிட்டது. இடிந்த வீடுகளைத் துப்பரவாக்கப் போகிறவர்கள் குட்டியோடு கிடக்கும் தாய்ப்பூனையைக் கண்டால் சாக்கில் போட்டு எங்களிடம் கொண்டு வந்து விடுவார்கள். தாயும் குட்டியும் தேறும்வரை எங்கள் மூலையில் இருக்கும். பிறகு வீடு பார்த்து அனுப்புவோம். ஊருக்குத் திரும்பிப் போனோம். யுத்தத்தில் மறுபடியும் இடம்பெயர்ந்தோம், மறுபடியும் திரும்பினோம். செல் விழுந்து வெடிக்கும் சத்தத்துக்குள் ஓடிய அன்றும் மனைவி மகனை ஒரு கையிலும் உமலை மறுகையிலும் பிடித்திருந்தாள். உமலுக்குள் கூனி இருந்தது, அதன் வயிற்றில் குட்டிகளும் இருந்தன.

யுத்தம் முடிந்த வருசம். கனகாலம் பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் பக்கத்து ஒழுங்கைக்குக் குடிவந்த ஒரு தாய், இடிந்த அடுப்புக்குள் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது, கிட்டப்போக விடுகுதில்லை என்று வந்து சொன்னாள். நான் எழும்புவதற்கு முன்னால் என் மகள் ஆணியில் கிடந்த உமலை எடுத்துவிட்டாள். அவள் அப்போது வளர்ந்துவிட்டாள், ஆறாம் வகுப்போ என்னவோ. உமலின் அடி ஒருமுறை பிய்ந்து, மனைவி வேறு ஓலை வைத்துப் பின்னியிருந்தாள். வாயில் மட்டும் அதே நீல நூல். மகள் அதைத் தன் இடுப்பில் இடப்பக்கம் கட்டிக்கொண்டாள். அப்படிக் கட்டு என்று எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்தத் தாயிடம் அவள் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

"அதுக்கு என்ன சாப்பாடு குடுத்தீங்க மாமி?"

"சோறும் பருப்பும் பிள்ளை. எங்களுக்குத் தந்தது அதுதானே."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து வலையை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் ஆற்றுக்குப் போனேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டு மூலையில் ஏதாவது ஒரு தாய்ப்பூனை கிடந்து, எங்களை நம்பலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வையைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த மாசி மாதம் நினைவுக்கு வரும். எங்கள் துக்கத்தில் மிஞ்சியதைச் சிரட்டையில் போட்டு அந்தப் பூனைக்கும் தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதற்கு வேண்டியதோ நாங்கள் கால் வைக்கப் பயந்த தண்ணீருக்குள் இருந்தது. அதை எடுக்க முழங்கால் அளவு இறங்கிய அன்றுதான் எங்கள் பிள்ளைகளுக்கும் நாங்கள் திரும்பக் கிடைத்தோம் என்றே இன்றுவரை நினைக்கிறேன்.